ஒரு கணினியில் கட்டி இன்னொன்றில் ஓட்டுவது

களியக்காவிளையைத் தாண்டி வடக்கே போனால் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும் இங்கே படிப்பது கேரளப் பாடத்திட்டம். அந்தப் பாடத்திட்டத்தின் தகவல் தொழில்நுட்ப நூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று நான்கு மொழிகளிலும் வருகிறது. 2025 ஜூனில் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் ரோபாட்டிக்ஸ் உண்டு. அதற்காகக் கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கும் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஆர்டுயினோ ஊனோ போர்டு, எல்இடி, குட்டி செர்வோ மோட்டார், சென்சார்கள்.

இந்த வட்டாரத்திலிருந்து டெக்னோபார்க்குக்கும் தும்பாவுக்கும் எல்லைக்கு இரு பக்கமும் உள்ள பொறியியல் கல்லூரிகளுக்கும் ஆட்கள் போய் வருகிறார்கள். ஆகவே கம்ப்யூட்டர் பேச்சுக்குக் குறைவில்லை. அந்தப் பேச்சில் ‘கிராஸ் கம்பைல்’ என்று யாராவது சொல்லிவிட்டால் ஆளுக்கொரு கதை கிளம்பும். ஒரு வகைப் பிராசசர் உள்ள கணினியில் உட்கார்ந்துகொண்டு வேறு வகைப் பிராசசருக்கான மென்பொருளைக் கட்டுவதுதான் கிராஸ் கம்பைல். கதைகளில் சில முழுப் பொய், சில பாதி உண்மை. பாதி உண்மைகள்தான் அதிகம் படுத்துகின்றன.

“அதெல்லாம் பெரிய ஆட்கள் செய்யும் வேலை, சாரே”

பள்ளிக்கூட லேப்டாப்பில் இருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர்; இரண்டும் பேசுவது எக்ஸ்86 கட்டளைகளை. ஊனோ போர்டில் உட்கார்ந்திருப்பது ஏடிமெகா328பி என்ற 8 பிட் சிப், ஏவிஆர் குடும்பம். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். நிரலை வைத்துக்கொள்ள 32 கிலோபைட், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் நினைவகம். ஒரு கம்பைலரை அந்த 2 கிலோபைட்டுக்குள் ஓட்ட வழியே இல்லை. மாணவி ஆர்டுயினோ மென்பொருளில் அப்லோட் பட்டனை அழுத்தும்போது லேப்டாப்புக்குள் ஜிசிசி கம்பைலரின் ஏவிஆர் பதிப்பு ஓடுகிறது. அந்த லேப்டாப்பே ஓட்ட முடியாத ஒரு பைனரியை அது உண்டாக்குகிறது. அந்தப் பைனரி யுஎஸ்பி கேபிள் வழியாகப் போர்டுக்குப் போய்ச் சேர்கிறது. எல்இடி மினுங்கினால், பதினைந்து வயதில் ஒரு கிராஸ் கம்பைல் முடிந்தது என்று பொருள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு நம்பிக்கை, சி மொழியில் எழுதியது எங்கே போனாலும் ஒரே மாதிரி நடக்கும் என்பது. லேப்டாப்பில் ‘இன்ட்’ என்று அறிவித்தால் 32 பிட். இருநூறு கோடிக்கு மேல் எண்ணலாம். ஊனோவில் அதே ‘இன்ட்’ 16 பிட். 32,767ஐத் தாண்டினால் எண் குறைக்குறிக்குப் புரண்டுவிடும். போர்டு தொடங்கி எத்தனை மில்லிசெகண்டு ஆயிற்று என்பதை ஒரு ‘இன்ட்’டில் வாங்கி வைத்தால் முப்பத்திரண்டு செகண்டு வரை எல்லாம் ஒழுங்கு, முப்பத்து மூன்றாவது செகண்டுக்குள் கதவு திறக்கிற மோட்டார் பைத்தியம் பிடித்ததுபோல ஆடும். வயரைத்தான் எல்லோரும் முதலில் பிடுங்கிப் பார்ப்பார்கள். மொழியின் விதிப்படி ‘இன்ட்’டின் அளவைத் தீர்மானிப்பது எந்தப் பிராசசருக்காகக் கட்டுகிறோமோ அந்தத் தளம், நாம் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு அதில் சொல்லே இல்லை.

“எந்த மெஷினில் ஓடுமோ, அதிலேயே கட்டினால்தான் உருப்படும்”

பாதி உண்மைகளில் முதலாவது இது. உண்மையான பாதியைப் பிறகு எடுத்துக்கொள்வோம். பொய்யான பாதிக்கு மறுப்பு, பாறசாலையிலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில் தும்பாவில் இருக்கிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ராக்கெட்டை வழிநடத்தும் கணினிக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் ராக்கெட்டுக்குள் கீபோர்டு வைத்துக்கொண்டு எழுதுவதில்லை.

2009 முதல் இஸ்ரோவின் ராக்கெட்டுகளில் விக்ரம்1601 என்ற 16 பிட் பிராசசர் பறக்கிறது. இங்கேயே வடிவமைத்தது. சண்டிகர் செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் முறையில் செய்த பதிப்பு 2016இல் புழக்கத்துக்கு வந்தது. 2025 மார்ச் 5 அன்று டெல்லியில் இரண்டு 32 பிட் பிராசசர்கள் இஸ்ரோ கைக்கு வந்தன: விக்ரம்3201, கல்பனா3201. இதில் விக்ரம்3201, 2024 டிசம்பர் 30இல் பறந்த பிஎஸ்எல்வி-சி60இன் போயம்-4 மேடையில் ஏற்கெனவே விண்வெளிக்குப் போய்ச் சோதனையில் தேறியிருந்தது.

பத்திரிகைகள் சிப்பைப் படம் பிடித்துப் போட்டன. எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது இஸ்ரோ அறிக்கையில் இருந்த வேறொரு வரி. விக்ரம்3201க்குச் சொந்தக் கட்டளைத் தொகுப்பு. இஸ்ரோவுக்கு வெளியே எந்தப் பிராசசரும் அந்தக் கட்டளைகளைப் பேசாது. அதனால் ஏடா மொழிக்கான கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர், எல்லாவற்றையும் சேர்த்து வைத்து வேலை செய்யும் எடிட்டர் என்று அத்தனையையும் இஸ்ரோ தானே எழுத வேண்டியிருந்தது. சிப்பைக் கொடுத்தபோது சி மொழிக் கம்பைலர் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தது. கல்பனா3201இன் கதை வேறு. அது ஸ்பார்க் வி8 என்ற, ஐஇஇஇ 1754 தரமாகப் பதிவான கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுகிறது. எனவே ஏற்கெனவே உலகம் எழுதி வைத்திருக்கும் திறமூலக் கருவிகளோடு அது ஒத்துப்போகும்படி வடிவமைக்கப்பட்டது. சிமுலேட்டரும் எடிட்டரும் மட்டும் சொந்தச் சரக்கு.

‘நம்ம நாட்டு சிப் வந்துவிட்டது, இனி மென்பொருள் தானாக ஓடும்’ என்று பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு பிராசசர்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். சிப் கைக்கு வருவது ஒரு பாதி வேலை. அதற்கான கம்பைலர் இன்னொரு கணினியில் ஓடத் தொடங்கினால்தான் சிப்புக்கு வேலை கொடுக்க முடியும். திருவனந்தபுரம் சி-டாக் வடிவமைத்த வேகா வரிசை இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டது. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை எடுத்துக்கொண்டதால் ஜிசிசி தயாராகவே இருந்தது. அவர்களின் தேஜாஸ்32 சிப் உள்ள ஏரிஸ் போர்டுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன அதே ஆர்டுயினோ மென்பொருளிலிருந்தே நிரல் ஏற்றலாம். 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடி அறிவித்த ஐரிஸ் என்ற ‘சக்தி’ குடும்பச் சிப்பும் ரிஸ்க்-ஃபைவ்தான். அதைக் கேட்டது திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோவின் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் யூனிட்.

வெளியுலகிலும் ஒரு மெஷினில் கட்டி இன்னொன்றில் ஓட்டுவது பழைய வழக்கம். 1969இல் கென் தாம்சன் யூனிக்ஸின் முதல் வடிவத்தைப் பிடிபி-7 கணினிக்கு எழுதியபோது தொடக்கத்தில் அந்தக் கணினியில் உட்கார்ந்து எழுதவே இல்லை. ஜிஇ-635 என்ற பெரிய கணினியில் கட்டி, காகித நாடாவில் துளையிட்டு, நாடாவைக் கையில் எடுத்துப்போய்ப் பிடிபி-7இல் ஊட்டினார். 1975இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் கணினிக்கு பேசிக் மொழியை எழுதியது ஹார்வர்டின் பிடிபி-10இல். ஆல்டேரை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. அதன் 8080 சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் சிமுலேட்டர் ஒன்றை ஆலன் எழுதிக்கொண்டார். அல்புகர்க்கிக்கு விமானம் ஏறிப் போய் உண்மை மெஷினில் நாடாவை ஓட்டியபோது அது வேலை செய்தது. யூனிக்ஸும் மைக்ரோசாஃப்ட்டும் பிறந்ததே வேறொருவர் மெஷினில்.

“கம்பைலரை மட்டும் மாற்றினால் போதும்”

எக்ஸ்86 லேப்டாப்பில் 64 பிட் ஆர்ம் பிராசசருக்கான கம்பைலரை நிறுவுவது டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்களில் ஒரே கட்டளை. பள்ளிகளில் ஓடும் கைட் க்னூ/லினக்ஸும் உபுண்டுவின் மேல் எழுந்ததுதான், அதிலும் அப்படியே. ஒரு ஹலோ நிரலைக் கட்டிப் பார்த்தால் நொடியில் முடியும். அந்தத் தெம்பில் ஒரு உண்மையான பேக்கேஜை எடுத்துக் கட்டத் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் தலையில் கைவைக்க வேண்டிவரும்.

எங்கள் பக்கத்துத் தையற்கடைகளில் துபாயில் இருக்கும் பெண்ணுக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுப்பார்கள். ஆள் வர முடியாது. அம்மாக்காரி ஒரு அளவு பிளவுஸைக் கொண்டுவந்து கொடுப்பாள். கையும் மிஷினும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த அளவு பிளவுஸ் வராமல் டெய்லர் கத்தரியைத் தொடமாட்டார். கிராஸ் கம்பைலில் அந்த அளவு பிளவுஸுக்குப் பெயர் சிஸ்ரூட்: மென்பொருள் போய் ஓடப்போகும் மெஷினின் ஹெட்டர் ஃபைல்கள், லைப்ரரிகள் எல்லாம் அதே அடுக்கில் உள்ள ஒரு பிரதி. பழைய பேக்கேஜ்கள் செய்யும் தப்பு, டேப்பை எடுத்துத் தன் மார்பையே அளந்துவிட்டுத் துபாய்க்காரிக்கு வெட்டுவது.

அந்தத் தப்பு பல வேடங்களில் வரும். க்னூ பேக்கேஜ்களில் ‘கான்ஃபிகர்’ என்றொரு ஸ்கிரிப்ட் இருக்கும். அது சின்னச் சின்னச் சோதனை நிரல்களைக் கட்டி, ஓட்டி, விடையைக் குறித்துக்கொள்ளும். ஆர்முக்காகக் கட்டிய சோதனை நிரலை எக்ஸ்86இல் ஓட்ட முடியாது. நல்ல ஸ்கிரிப்ட் ‘கிராஸ் கம்பைல் செய்கையில் சோதனையை ஓட்ட முடியவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். மோசமான ஸ்கிரிப்ட் தன் மனதுக்குத் தோன்றிய விடையை எழுதிவைத்துக்கொண்டு மேலே போகும். நின்றுவிடுவதுதான் நமக்கு நல்லது. 2010 வாக்கில் வெளியான மூலநிரல் என்றால் இன்னொரு தொல்லை: அதற்குள் இருக்கும் பிராசசர் பட்டியலில் 64 பிட் ஆர்ம் என்ற பெயரே இருக்காது, ரிஸ்க்-ஃபைவும் இருக்காது. அந்தப் பட்டியல் ஃபைல்கள் இரண்டை மட்டும் புதிதாக மாற்றி வைத்தால் பல பேக்கேஜ்கள் அங்கேயே வழிக்கு வந்துவிடும்.

லைப்ரரி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி, யாரும் சொல்லிக்கொடுக்காவிட்டால், லேப்டாப்பின் லைப்ரரியையே காட்டும். லிங்கர் அதைப் பார்த்து ‘இது பொருந்தாது’ என்று தள்ளும். இந்தக் கோளாறு உடனே தெரிந்துவிடுவதால் ஆபத்து குறைவு. ஹெட்டர் ஃபைல் மட்டும் லேப்டாப்பிலிருந்தும் லைப்ரரி சிஸ்ரூட்டிலிருந்தும் வந்தால் ஆபத்து அதிகம்: எல்லாம் கட்டி முடியும், ஓடும்போது ஏதோ ஒரு மூலையில் சரியும்.

சில பேக்கேஜ்கள் தம்மைக் கட்டும் வழியில் ஒரு குட்டிக் கருவியைத் தாமே கட்டி, அதை ஓட்டி, அது துப்பும் அட்டவணையை வைத்து மீதியைக் கட்டும். அந்தக் குட்டிக் கருவி லேப்டாப்பில் ஓட வேண்டியது. முக்கிய நிரல் ஆர்மில் ஓட வேண்டியது. ஆக ஒரே பேக்கேஜுக்கு இரண்டு கம்பைலர் வேண்டும். இந்த வேறுபாட்டை எழுதியவர் யோசிக்கவில்லையென்றால் நாம்தான் உள்ளே புகுந்து பிரிக்க வேண்டும். பேச்சிலும் இங்கே ஒரு குழப்பம் உண்டு. லேபில் ‘ஹோஸ்ட்’ என்றால் நாம் உட்கார்ந்திருக்கும் கணினி. கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் ‘ஹோஸ்ட்’ என்றால் கட்டிய மென்பொருள் போய் ஓடப்போகும் கணினி. இதை மாற்றிக் கொடுத்துவிட்டு மாலை முழுக்கத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“இரண்டும் ஆர்ம்தானே, ஏன் ஓடாது?”

கேரள அரசு 2015இல் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பலருக்கு ராஸ்பெரி பை கொடுத்ததிலிருந்து அந்தப் போர்டு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பை ஒன்று, பை ஜீரோ போன்ற பழைய மாடல்களில் இருப்பது ஆர்ம்வி6 தலைமுறை. டெபியனின் ‘ஆர்ம்ஹெச்எஃப்’ பதிப்பு குறைந்தது ஆர்ம்வி7ஐக் கேட்கிறது. எனவே 2012இல் மைக் தாம்சன், பீட்டர் கிரீன் ஆகியோர் டெபியனின் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களையும் ஆர்ம்வி6க்காகத் திரும்பக் கட்டினார்கள். அப்படித்தான் ராஸ்பியன் பிறந்தது. தொல்லை என்னவென்றால் இரண்டுக்கும் பெயர் ஒன்றே, ஆர்ம்ஹெச்எஃப். லேப்டாப்பில் டெபியன் கொடுக்கும் கிராஸ் கம்பைலரால் கட்டி, பை ஜீரோவில் ஏற்றினால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற ஒற்றை வரியோடு செத்துவிழும். போர்டு கெட்டுவிட்டது என்று புதிது வாங்கப் போகிறவர்கள் உண்டு. போர்டில் குற்றமில்லை.

பிராசசர் சரியாகப் பொருந்தினாலும் ஜிலிப்சி இருக்கிறது. லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரலும் சாய்ந்து நிற்கும் அடிப்படை லைப்ரரி அது. பழைய ஜிலிப்சியோடு கட்டியது புதிதில் ஓடும். புதிதோடு கட்டியது பழையதில் பெரும்பாலும் ஓடாது. லேப்டாப்பில் இந்த வருட உபுண்டு, போர்டில் ஐந்து வருடத்துக்கு முந்தைய சிஸ்டம் என்றால் பதிப்பெண் கேட்டு முரண்டு பிடிக்கும். இதற்கும் மருந்து சரியான சிஸ்ரூட்தான்.

ராஸ்பெரி பை 5 இன்னொரு வித்தை காட்டியது. அதன் இயல்பான கெர்னல் நினைவகத்தை 16 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கிறது; பெரும்பாலான கணினிகளில் அது 4 கிலோபைட். பக்க அளவு 4 என்று கட்டும்போதே பதித்துவிட்ட ஜெமாலாக் போன்ற நினைவக லைப்ரரிகள் அதில் தொடங்கவே மறுத்தன. கட்டளைத் தொகுப்பு ஒன்று, ஜிலிப்சி ஒன்று, ஆனாலும் ஓடாது.

“எரர் ஒன்றும் வரவில்லை, அப்போ சரிதான்”

தமிழ் எழுத்தைக் கையாளும் நிரல்களை எழுதுகிறவர்கள் இந்த நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும். சி மொழியில் ‘கேர்’ என்ற வகை, குறைக்குறி எண்களைத் தாங்குமா தாங்காதா என்பதை மொழியின் விதி தீர்மானிக்காமல் விட்டிருக்கிறது. எக்ஸ்86 லினக்ஸில் தாங்கும். ஆர்ம் லினக்ஸில் தாங்காது.

ஒரு ஃபைலை எழுத்தெழுத்தாக ‘கேர்’இல் வாங்கி, ஃபைல் முடிந்ததைக் குறிக்கும் மைனஸ் ஒன்று வரும்வரை படிக்கும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்மில் அந்த மைனஸ் ஒன்று 255 ஆக மாறி உட்காரும். ஒப்பீடு ஒருநாளும் பொருந்தாது. நிரல் முடிவே இல்லாமல் சுற்றும். எக்ஸ்86இல் இதே நிரல் 255 என்ற பைட்டைப் பார்த்தால் ஃபைல் முடிந்துவிட்டது என்று பாதியில் நிற்க வேண்டும். ஆனால் யுடிஎஃப்-8 முறையில் 255 என்ற பைட் வரவே வராது. எனவே தமிழ் ஃபைல்களை மட்டும் படித்துக்கொண்டிருக்கும்வரை எக்ஸ்86இல் இந்தப் பிழை வெளியே தலைகாட்டாது. வருடக்கணக்கில் நன்றாக ஓடிய நிரல், பை போர்டுக்குப் போன அன்றே தொங்கும். பழி கிராஸ் கம்பைலர் மேல் விழும்.

எதிர்த் திசையிலும் உண்டு. யுடிஎஃப்-8இல் தமிழின் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். மூன்றுமே 127க்கு மேல். எழுத்தைப் பார்த்து ஒரு அட்டவணையில் தேடும் நிரல் எக்ஸ்86இல் அந்தப் பைட்டுகளைக் குறைக்குறி எண்களாகப் படித்து, அட்டவணைக்கு முன்னால் உள்ள நினைவகத்தைத் தொடும். ஆர்மில் ஒழுங்காகத் தேடும். அட்டவணை 128 இடங்களோடு நின்றுவிட்டால் ஆர்மிலும் சரியாது என்று சொல்ல முடியாது. மலையாளத்துக்கும் இதேதான், இந்த விஷயத்தில் எல்லைக் கல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரே தலைவிதி.

ஒரே நேரத்தில் பல இழைகளாக ஓடும் நிரல்களில் இன்னும் மோசம். நினைவகத்தில் எழுதியது எந்த வரிசையில் மற்றவர் கண்ணுக்குத் தெரியும் என்பதில் எக்ஸ்86 கண்டிப்பானது, ஆர்ம் தாராளமானது. பூட்டு போட மறந்த இடங்களை எக்ஸ்86 மறைத்துக் கொடுக்கும். ஆர்ம் என்றாவது ஒருநாள் காட்டிக்கொடுக்கும், அதுவும் லேபில் இல்லாமல் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது.

“நான் பைத்தான்காரன், எனக்கு இது வேண்டாம்”

நிரலைப் பைத்தானில் எழுதலாம். ஆனால் அதில் கணக்குக்குப் பயன்படும் நம்பை (NumPy) லைப்ரரி உள்ளே சி மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆர்முக்கான தயார்ப் பொதி யாரோ கட்டிப் போட்டிருப்பதால்தான் உங்களுக்குத் தொல்லையில்லை. கோ மொழியில் இரண்டு சூழல் மாறிகளை மாற்றினால் வேறு பிராசசருக்குக் கட்டிவிடும் என்பது உண்மையே; நிரல் ஒரு சி லைப்ரரியைத் தொட்ட நிமிடம் மேலே சொன்ன அத்தனையும் திரும்பி வரும். ரஸ்ட் மொழியிலும் லிங்கரையும் சிஸ்ரூட்டையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். 2020 கடைசியில் ஆப்பிளின் எம்1 வந்ததிலிருந்து திசையும் புரண்டிருக்கிறது: மடியில் இருக்கும் லேப்டாப் ஆர்ம், அலுவலக சர்வர் எக்ஸ்86. டாக்கர் இமேஜைக் கட்டி அனுப்பிவிட்டு ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று சர்வர் சொல்லும்போதுதான் பலருக்குத் தாங்கள் எந்தப் பிராசசரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே நினைவுக்கு வரும்.

“டாக்கர்ல எல்லாத்துக்கும் கிராஸ் கம்பைல் பண்ணலாமே, டெபியன்காரனும் அப்படித்தான கட்டுறான்”

இரண்டுமே தப்பு. டாக்கரில் வேறு பிராசசருக்குக் கட்டச் சொன்னால் அது பெரும்பாலும் செய்வது கிராஸ் கம்பைல் இல்லை. கியூஎமு என்ற எமுலேட்டர் ஆர்ம் கட்டளைகளை எக்ஸ்86க்கு மாற்றிக் கொடுக்க, அதன்மேல் ஆர்ம் கம்பைலரே ஓடுகிறது. சௌகரியம் அதிகம், கான்ஃபிகர் ஸ்கிரிப்டும் குட்டிக் கருவியும் தாம் ஆர்மில்தான் இருக்கிறோம் என்று நம்பி ஓடிவிடும். விலையாகக் கொடுப்பது நேரத்தை. சின்னப் பேக்கேஜுக்குத் தெரியாது. பெரிய சி++ பேக்கேஜ் என்றால் இரவு போட்டுவிட்டுக் காலையில் வந்து பார்க்கும்படி ஆகும்.

டெபியன் தன் பேக்கேஜ்களை அந்தந்த வகைப் பிராசசர் உள்ள மெஷின்களிலேயே கட்டுகிறது. ‘ஓடும் மெஷினிலேயே கட்டு’ என்ற பேச்சின் உண்மையான பாதி இங்கேதான் இருக்கிறது. கட்டி முடிந்ததும் பேக்கேஜோடு வரும் சோதனைகளை உடனே அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். மேலே சொன்ன ‘கேர்’ பிழை அந்த நிமிடமே அகப்படும். வலுவான ஆர்ம் சர்வர் இருக்கிறவர்களுக்கு இது சரியான வழி. 512 மெகாபைட் நினைவகமும் மெமரி கார்டும் உள்ள பை ஜீரோவை மட்டும் வைத்துக்கொண்டு அதே வழியைப் பிடிக்கிறவர், லிங்க் செய்யும் கட்டத்தில் நினைவகம் தீர்ந்து நிற்பார். 32 பிட் மெஷினில் ஒரு நிரல் 4 கிகாபைட்டுக்கு மேல் முகவரியிடவே முடியாது. பிரவுசர் அளவுள்ள நிரலை அங்கே லிங்க் செய்வது கூடுதல் ரேம் வாங்கித் தீரும் பிரச்சினை இல்லை.

டெபியனுக்கும் கிராஸ் கம்பைல் இல்லாமல் முடியாத ஒரு கட்டம் உண்டு. புதிதாக ஒரு பிராசசர் குடும்பம் பிறக்கும்போது அதற்கு டெபியனே இல்லை. டெபியன் இல்லாத மெஷினில் டெபியனைக் கட்ட முடியாது. சி நிரலை முழுதாகக் கட்ட ஜிலிப்சி வேண்டும். ஜிலிப்சியைக் கட்டக் கம்பைலர் வேண்டும். எனவே ஜிலிப்சி இல்லாமலே அரைகுறையாக ஓடும் ஒரு முதற்கட்டக் கம்பைலரை எக்ஸ்86இல் கட்டி, அதைக்கொண்டு ஜிலிப்சியைக் கட்டி, பிறகு முழுக் கம்பைலர், பிறகு ஷெல், பேக்கேஜ் கருவி என்று ஏணி ஏறுவார்கள். அந்த ஏணியைத் தானாக ஏறும்படி ஹெல்முட் க்ரோனே எழுதி வைத்திருப்பதுதான் ‘ரீபூட்ஸ்ட்ராப்’. உலக டெபியன்காரர்கள் கூடும் டெப்கான்ஃப் மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது. அதற்குச் சற்று முன், ஜூலையில்தான் ரிஸ்க்-ஃபைவ் 64 பிட், டெபியனின் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏறியிருந்தது. 2025 ஆகஸ்ட் 9இல் வந்த டெபியன் 13, ரிஸ்க்-ஃபைவுக்கும் சேர்த்து வெளியான முதல் பதிப்பு.

பாறசாலையில் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தால் தொடங்குவதற்கு அது போதும், போர்டுகூட வேண்டாம். 2013இல் வந்த டெபியன் 7இலிருந்து மல்ட்டி-ஆர்ச் என்ற ஏற்பாடு இருக்கிறது: ஒவ்வொரு பிராசசரின் லைப்ரரிகளும் தனித்தனி அடைவில் இருப்பதால் எக்ஸ்86 லைப்ரரியும் ஆர்ம் லைப்ரரியும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் உட்காரும். டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியிடம் ஆர்ம்64ஐயும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதற்கான கிராஸ் கட்டுமானப் பொதியையும் கியூஎமுவையும் நிறுவினால் தயார். ஹலோ நிரலைக் கட்டி, ‘ஃபைல்’ கட்டளையால் அது எந்தப் பிராசசருக்கானது என்று பார்த்து, கியூஎமுவில் ஓட்டிப் பார்க்கலாம். அடுத்து ஒரு சின்ன டெபியன் பேக்கேஜின் மூலநிரலை இறக்கி ஆர்ம்64க்குக் கட்டச் சொல்லுங்கள். சில சிணுங்காமல் கட்டி முடியும். சில, தேவையான கருவிப் பேக்கேஜை நிறுவும்போதே முட்டிக்கொண்டு நிற்கும்.

நிற்பவற்றில் பலவற்றுக்குக் காரணம் அற்பமானது. கட்டும் வழியில் ஓட்டவேண்டிய ஒரு கருவி எந்தப் பிராசசரில் ஓடினாலும் ஒன்றுதான் என்று அதைப் பராமரிப்பவர் குறித்திருக்க வேண்டும், மறந்திருப்பார். அந்தக் கருவியின் ‘கன்ட்ரோல்’ ஃபைலில் ‘மல்ட்டி-ஆர்ச்: ஃபாரின்’ என்று ஒரு வரி சேர்த்துக் கட்டிப் பார்த்து, சரியாக வந்தால் டெபியனின் பிழைப் பட்டியலுக்கு அந்த ஒரு வரியையே திருத்தமாக அனுப்பலாம். இப்படிக் கிராஸ் கம்பைலுக்குக் கட்டுப்படாத பேக்கேஜ்களைத் தினமும் கட்டிச் சோதித்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், பட்டியல் நீளமானது.